சீரோடு வந்த ஈஸ்ட்

5-3-1978, ஞாயிறு

ஓடைப்பட்டித் திராட்சைத் தோலில் கிடைத்த ஈஸ்டும் கெங்குவார்பட்டித் தோப்பில் கிடைத்த ஈஸ்டும் பார்வைக்கு ஒன்றுதான். இணைத்தால் இணைகின்றன. பிறக்கும் வித்துகள்தான் முளைக்காமல் சாகின்றன. ஒரே பள்ளத்தாக்கில் கொள்வினை கொடுப்பினை இல்லாத இரண்டு கூட்டம் என்று ஆய்வேட்டில் நாற்பது பக்கம் எழுதிவிட்டேன்.

ஒரு வருடமாகப் பழத்தை பஸ்ஸில் அனுப்பிவரும் ஓடைப்பட்டித் தோட்டக்காரர் ராமையாவை இன்றுதான் நேரில் பார்த்தேன். அவர் மனைவி எனக்கான கொத்துகளை ஒரு சட்டியில் அலசிக்கொண்டிருந்தார்.

"கழுவாம அனுப்பச் சொல்லியிருந்தேனேம்மா."

"காலேசுக்குப் போற பழம். அடிச்ச பூச்சி மருந்தோட அனுப்புனா எங்களைப் பத்தி என்ன நினைப்பாக?"

"இது என்ன சட்டி?"

"ஆப்ப மாவுச் சட்டி சார். எனக்குப் பொறந்த ஊரு குமுளி. கல்யாணத்துக்குச் சீரோட கொண்டாந்த பழைய மாவு. தெனம் கொஞ்சம் எடுத்து வச்சே இன்னைக்கும் புளிக்குது. இங்கன உள்ள மாவு சேராது."

"இருபது வருசமாச்சு, நானே இன்னும் சேரல," என்றார் ராமையா.

ஆக, நான் திராட்சையில் கண்டுபிடித்தது சட்டியில் ஒட்டியிருந்த, அந்த அம்மாவின் பிறந்த வீட்டு மாவை. சொல்லாவிட்டால் பேராசிரியருக்குத் தெரியப்போவதில்லை. பட்டமும் இந்த வருடமே வந்துவிடும். ஆனால் மாவு ஈஸ்ட் ஏன் இங்குள்ளதோடு வம்சம் வளர்க்க மறுக்கிறது? கழுவாத பழத்தில் இருப்பது யாரோடு சேரும்? இரண்டும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு தூக்குவாளி மாவு கேட்டு வாங்கி வந்தேன். ஆய்வேட்டில் 'திராட்சை' என்ற சொல்லை அடித்துக்கொண்டு வருகிறேன். பதினோராம் பக்கம் ஆகிறது.