தனியாக நின்ற புள்ளி

இன்று வங்கியில் காத்திருந்தபோது, மழையில் நனைந்து வந்த ஒரு பிள்ளையின் காலுறை வாடை ஏசி குளிரோடு கலந்து வந்தது. சட்டென்று நம் மயிலாப்பூர்ப் பள்ளியின் கணினி அறை நினைவில் எழுந்தது. வாசலில் ஷூவைக் கழற்றாத யாரையும் நீ உள்ளே விட்டதில்லை. "மெஷினுக்குத் தூசி ஆகாதுடி" என்பாய்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் கணக்கு டீச்சர், நீ கம்ப்யூட்டர் டீச்சர். எட்டாம் வகுப்புக்குப் புள்ளியியலைச் சேர்ந்தே நடத்தினோம். வீட்டிலிருந்து பள்ளிக்கு எவ்வளவு தூரம், நடந்து வர எவ்வளவு நேரம் என்று பிள்ளைகளே ஸ்ப்ரெட்ஷீட்டில் அடித்தார்கள். திரையில் புள்ளிகள் ஒரு சாய்கோட்டை ஒட்டி வரிசையாக ஏறின. ஒன்று மட்டும் உச்சியில் தனியாக நின்றது. தூரம் குறைவுதான்; நேரமோ வகுப்பிலேயே அதிகம்.

பட்டினப்பாக்கத்துச் செல்வியின் புள்ளி அது.

"தப்பா அடிச்சிருப்பா மிஸ், அழிச்சிடலாம்" என்றார்கள் பிள்ளைகள். நீ மவுஸை விடவில்லை. "அழிச்சா கிராஃப் அழகாயிடும். அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."

உன் சந்தேகம் ஊரறிந்தது. காய் வாங்கினால் தராசுத் தட்டைத் தூக்கி அடியில் பார்ப்பவள் நீ. நான் எப்போதும் சிரிப்பேன். அன்று சிரிக்க முடியவில்லை. செல்வி தலையைக் குனிந்துகொண்டு, "சரியாத்தான் போட்டேன் மிஸ்" என்றாள்.

தலைமையாசிரியைக்கு வேறு சந்தேகம். "தினம் லேட். யாரோடயோ சுத்திட்டு வர்றா. டி.சி. குடுத்து அனுப்பிடலாம்" என்றார். நீ அவகாசம் கேட்டு வாங்கினாய்.

அன்று மாலை செல்வியிடம் ஏன் தாமதம் என்று நீ கேட்கவேயில்லை. "எந்த வழியா வர்றே?" என்றுதான் கேட்டாய்.

செல்வி தாழ்ந்த குரலில் சொன்னாள். "சாந்தோம் சுத்திக்கினு வரேன் மிஸ். கால்வா சந்துல ஒரு ஆளு சைக்கிள வச்சிக்கினு நிக்கிறான். கைய புடிச்சி இஸ்தான். அம்மாக்குத் தெரிஞ்சா படிப்பே வாணாம்னுடும்."

மறுநாள் காலை அவளுடன் நாம் இருவரும் அந்தச் சந்தில் நடந்தோம். அவன் நின்றிருந்தான். செல்வியின் விரல்கள் என் கையை இறுக்கின. நீ நேராகப் போய், "யாருக்காக நிக்கிறீங்க?" என்றாய்.

"ஃப்ரெண்டுக்கு."

"பேரு?"

அவன் ஸ்டாண்டைக் காலால் தட்டினான். சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டான். எனக்கு நிம்மதி, உனக்கு இல்லை. "நாளைக்கும் வருவான்" என்று, சாலையோரம் மீன் விற்றுக்கொண்டிருந்த செல்வியின் அம்மாவிடம் எங்களை அழைத்துப் போனாய். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "அவ படிப்பை மட்டும் நிறுத்திடாதீங்கம்மா" என்றாய்.

அந்த அம்மாள் கத்தியைக் கீழே வைத்தார். "அவ படிப்பு இன்னாத்துக்கு நிக்கணும்? அவன் நிக்கட்டும், பாக்கறேன்."

அதன்பின் காலையில் யாராவது ஒரு மீன்காரப் பெண்மணி பிள்ளைகளோடு அந்தச் சந்தைக் கடந்தார். அவன் வரவில்லை. அடுத்த பருவத்தில் மீண்டும் வரைபடம் போட்டோம். செல்வியின் புள்ளி மற்றவற்றோடு சேர்ந்திருந்தது. நீ அதையும் நம்பாமல், அவளோடு ஒருநாள் கடிகாரம் பார்த்தபடி நடந்துவிட்டு வந்தாய்.

இப்போது அடையாறில் ஒரு வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். ஒரு சின்னப் பெண், மதிப்பெண் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. சில நாட்களாக வாசலில் காலடிச் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுகிறாள். கேட்டால் "சும்மா மிஸ்" என்கிறாள். அவள் அம்மாவும் ஒன்றுமில்லை என்கிறார். நான் நம்பவில்லை. நேற்று பாடம் முடிந்தும் எழாமல், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இன்னும் அவள் எதுவும் சொல்லவில்லை. எனக்கு அவசரமில்லை.