கொள்ளிடக் கரைச் சரிவில் உருட்டிப் பார்க்காத வண்டி

இன்று காலை வாழைப்பழ மண்டிப் பக்கம் போக வேண்டியிருந்தது. வெயிலில் கறுத்துக் கிடந்த தோல் குவியலின் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு சாக்கடை ஓரம் வாந்தி எடுத்தேன். மண்டிக்காரர் ஒரு செம்புத் தண்ணீரோடு ஓடிவந்து, "வெறும் வயித்தோட வந்துட்டீங்களா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி வைத்தேன். அந்த வாடை எனக்கு ஏன் ஆகாது என்பது உனக்குத்தான் தெரியும். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. வேறு யாரிடமும் சொல்ல முடியாததால் உனக்கே எழுதுகிறேன்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அண்ணனுக்கு பஸ் முதலாளி ஆகும் ஆசை வந்தது. திருச்சியிலிருந்து உன் ஊரான வையம்பட்டி வரை ஓட்டலாம் என்றார். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசி எனக்குப் பழக்கமில்லை. நானே கண்டக்டர் என்று முடிவானது. டீசல் வண்டி அப்போது இங்கே புதுசு. அது எப்படிச் சத்தம் போட வேண்டும், எவ்வளவு அதிரலாம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும் என்று தோன்றவும் இல்லை. உன் அப்பாவின் அரிசி மில்லும் நீ பிறந்து வளர்ந்த வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். எண்ணெய் இன்ஜினின் சத்தத்தில் தூங்கிப் பழகியவள் நீ. கல்யாணமான புதிதில், "இங்க ரொம்ப அமைதியா இருக்குங்க, தூக்கமே வரமாட்டேங்குது" என்றாய். நான் அதை ஒரு தமாஷாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரையை ஒட்டிய ஒரு கொட்டகையில், விலைக்கு வந்த பழைய டீசல் பஸ் நின்றது. நீ கோயிலுக்குப் போவதற்காக எங்களோடு ஜட்காவில் வந்தாய். தரிசனம் முடிந்து நீ திரும்பியபோது நாங்கள் தரகன் ஒருவனோடு பேரம் பேசிக்கொண்டிருந்தோம். அந்தத் தரகனை நினைத்தால் இன்றும் அருவருப்பாக இருக்கிறது. கடைவாயில் வெற்றிலைச் சாறு வழியும், புறங்கையால் துடைப்பான், அதே கையால் வண்டியின் மூக்கைத் தடவிக் கொடுப்பான். இன்ஜினை நாங்கள் வருமுன்பே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தான்.

"இவ்வளவு சத்தம் போடுதே?" என்று அண்ணன் கேட்டார்.

"டீசல்னா அப்படித்தாங்க. பெட்ரோல் கார் மாதிரி பூனை நடை நடக்காது."

ஒரு சுற்று ஓட்டிக் காட்டினான். நீயும் ஏறினாய். முன்னால் இடம் இருக்க, நீ கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாதத்தையும் பலகையில் அழுத்தி வைத்துக்கொண்டாய். இறங்கியதும் என்னைத் தனியே கூப்பிட்டாய்.

"முன்னாடி ஆடறது இன்ஜின். நிக்கும்போது ஆடும், ஓட ஆரம்பிச்சா அடங்கும். எங்க மில்லுலயும் அப்படித்தான், அதைப் பத்திக் கவலையில்ல. ஆனா பின்னாடி என் காலுக்குக் கீழ வேற ஒண்ணு உறுமுது. வேகம் ஏற ஏற அதுவும் ஏறுது. தலையணை வச்சு அமுக்கின மாதிரி இருக்கு."

"டீசல்னா அப்படித்தானாம்."

"சத்தம் பெருசா இருக்கறது வேறங்க, கோளாறா இருக்கறது வேற. அதோ கரையிலேர்ந்து இறங்கற சரிவு இருக்கு பாருங்க. அங்க இன்ஜினை நிறுத்திட்டு, கியரையும் எடுத்துட்டு, வண்டியைச் சும்மா உருள விடச் சொல்லுங்க. உறுமல் நின்னுச்சுன்னா இன்ஜினோடது. நிக்கலேன்னா பின்னாடி எதுவோ செத்துக்கிட்டு இருக்கு."

கால் நாழிகை வேலை அது. காசும் கருவியும் கேட்காத சோதனை. நான் தரகனிடம் போய்ச் சொன்னேன். சொல்லும்போதே என் குரலில் ஒரு மன்னிப்பு இருந்தது. பேட்டரி வீக், மறுபடி ஸ்டார்ட் ஆகாது என்றான். பிறகு அண்ணனைப் பார்த்து, "வீட்ல அம்மாதான் மெக்கானிக்குங்களா?" என்று சிரித்தான். அண்ணன் சிரிக்கவில்லை. "இந்தாம்மா, பொம்பளைங்க பேசற இடமா இது? போய் வண்டியில உட்காரு" என்றார். சிரித்தவன் நான். தரகனோடு சேர்ந்து, பல் தெரிய. நீ ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு ஜட்காவுக்குப் போனாய்.

வண்டியை வாங்கினோம். மிக்கேல் என்பவர் டிரைவராக வந்தார். பாலக்கரைக்காரர், நல்ல கை. ஒரு வாரத்திலேயே, "சார், பின்னாடி சத்தம் சரியில்ல" என்று அண்ணனிடம் சொன்னார். "டீசல்னா அப்படித்தான்" என்றார் அண்ணன். தரகன் சொன்ன அதே வாக்கியம், அதே அலட்சியம்.

மூன்றாவது வாரம் உன் அம்மாவைப் பார்க்க அந்த பஸ்ஸிலேயே கிளம்பினாய். மணப்பாறை தாண்டியதும் எழுந்தாய். ஓடுகிற வண்டியில் கம்பியைப் பிடித்துப் பிடித்து மிக்கேல் பக்கத்தில் போய், "அண்ணே, நிறுத்துங்க" என்றாய். அவர் உடனே நிறுத்தினார். அவர் அதற்காகவே காத்திருந்தவர் போல இருந்தது.

நீ ஜனங்களைப் பார்த்து, "எல்லாரும் இறங்கிடுங்க, வண்டி சரியில்ல" என்றாய். முணுமுணுப்பு, திட்டு. நிறைமாதக்காரி ஒருத்தியை நீயே கைத்தாங்கலாக இறக்கி வேப்பமரத்தடியில் உட்கார வைத்தாய். எனக்கோ அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் கவலை. மிக்கேலிடம், "காலி வண்டிதானே, மெதுவா வையம்பட்டிக்கு ஓட்டிட்டுப் போயிடு" என்றேன்.

"அம்மா வேணாங்கிறாங்களே சார்."

"காலியாவும் ஓட்ட வேணாங்க" என்று நீ என் சட்டைக் கையைப் பிடித்தாய். உதறினேன். "நான் சொல்றேன், நீ ஓட்டு" என்றேன் மிக்கேலிடம்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது. ஒரு பர்லாங்குகூடப் போயிருக்காது. பின்னாலிருந்து பாறை உடைவது போல ஒரு சத்தம். பின் சக்கரங்கள் சுழலாமல் இறுகிக்கொள்ள, வண்டி சாலையில் தேய்ந்து திரும்பிப் பள்ளத்தில் சாய்ந்தது. நீதான் முதலில் ஓடினாய். மிக்கேலின் வலது கை கதவுக்கும் மண்ணுக்கும் நடுவே நசுங்கிக் கிடந்தது. அவர் கத்தவில்லை. "ஜனங்க யாரும் உள்ள இல்லல்ல?" என்று மட்டும் கேட்டார். நீ உன் புடவைத் தலைப்பைக் கிழித்து அவர் கையைக் கட்டினாய்.

வண்டியை எங்கள் கொட்டகைக்கு இழுத்து வந்து, பின் சக்கரங்களுக்கு நடுவே பற்சக்கரங்கள் இருக்கும் இரும்புக் கூட்டைத் திறந்தோம். அதைத்தான் மறக்க முடியவில்லை. கறுப்புக் கூழ் ஒன்று கொழகொழவென்று வழிந்தது. எண்ணெயில் ஊறி அழுகிய வாழைப்பழத் தோல், மரத்தூள், நடுவே உடைந்த பற்கள். மெக்கானிக் மூக்கைப் பொத்திக்கொண்டார். "சத்தத்தை அமுக்கறதுக்கு எவனோ அடைச்சிருக்கான் சார். கொஞ்ச நாள் தாங்கும், அப்புறம் இப்படித்தான்."

இதோடு முடிந்திருந்தால் அந்தத் தரகனை மட்டும் வெறுத்துவிட்டு நான் நல்லவனாகவே இருந்திருப்பேன். அண்ணன் எங்கிருந்தோ பழைய பற்சக்கரங்களை வாங்கிப் போட்டார். வண்டி நகர்ந்தது, ஆனால் ஊளையிட்டது. "வித்துடலாம்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "மண்டிக்குப் போய்ப் பழத்தோல் ஒரு சாக்கு கொண்டா" என்றார்.

போனேன். நானே போனேன். ஈ மொய்க்கும் குவியலில் கையை விட்டு அள்ளினேன். தச்சுப்பட்டறையில் மரத்தூள் கேட்டபோது, மாட்டுக்குக் கீழே பரப்ப என்று பொய் சொன்னேன். என் கையாலேயே அதை அந்தக் கூட்டுக்குள் திணித்தேன். மிக்கேலுக்கு அப்போது கைக்கட்டுகூட அவிழ்க்கவில்லை. வீட்டுக்கு வந்து கிணற்றடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். நீ பக்கத்தில் வந்து நின்றாய். வாடை உனக்குப் புரிந்துவிட்டது. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாய்.

வாங்க வந்தவர் பாலக்கரைத் தோல் வியாபாரி, வயதான பாய். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துத் திருப்தியோடு இறங்கினார். "சத்தம் ஜாஸ்தியோ?" என்றார், அண்ணன் அந்த வாக்கியத்தைச் சொன்னார். அப்போது கொட்டகை வாசலில் நீ நின்றாய். உன்னை யாரும் கூப்பிடவில்லை.

"பாய், பின்னாடி மூடியைக் கழட்டிப் பார்த்துட்டு வாங்குங்க" என்றாய்.

அண்ணன் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். நீ நகரவில்லை. "அடிங்க மாமா. அடிச்சிட்டுக் கழட்டிக் காட்டுங்க" என்றாய். ஓங்கிய கை அப்படியே நின்றது.

பாய் உன்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், கடைசியில் என்னிடம் வந்தார். "தம்பி, இந்த வண்டியில என் பேரப் பிள்ளைங்க ஏறும். தங்கச்சி சொல்றது நெசமா?"

முதலில் அண்ணனைப் பார்த்தேன். பிறகு உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "நெசம்தான் பாய். நான்தான் அடைச்சேன்" என்றேன். அவர் தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நடந்தார். அண்ணன் என் காலடியில் காறித் துப்பினார். அதன் பிறகு அவர் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. உன் சாவுக்கும் அவர் வரவில்லை. மிக்கேல் வந்தார், மடங்காத வலது கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, இடது தோளில் உன்னைச் சுமந்தார்.

நீ அன்று என்னைப் பாராட்டிவிடுவாயோ என்று வழியெல்லாம் எதிர்பார்த்து வந்தேன். எவ்வளவு கேவலமான எதிர்பார்ப்பு! நீ கேட்டது ஒன்றுதான்: "அவர் கேக்கலேன்னா சொல்லியிருப்பீங்களா?" அன்று பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: சொல்லியிருக்க மாட்டேன்.

இன்றைக்கும் நான் முழுசாகத் திருந்திவிடவில்லை. தெரிந்ததைச் சொல்ல ஒரு கணம் தாமதிக்கிறேன். எதிரில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்கிறேன். அந்தக் கணத்தில்தான் என்மேல் எனக்கு அருவருப்பு வருகிறது. உன் கேள்வி வந்து இடித்த பிறகே வாய் திறக்கிறது.

இதில் ஒரு கூத்தும் உண்டு. பழைய டீசல் வண்டி வாங்குகிறவர்கள் இப்போது என்னைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றுகிறேன். சரிவு தேடி, இன்ஜினை நிறுத்தி, உருள விடச் சொல்கிறேன். "உங்க காதே காது சார்" என்கிறார்கள். இத்தனை நாளும் அதை வாங்கி வைத்துக்கொண்டேன்.

போன வாரம் வையம்பட்டிக்காரர் ஒருவருக்கு ஒரு லாரியை வேண்டாம் என்று தள்ளிவிட்டு வந்தேன். திரும்பும் வழியில், "இதெல்லாம் எங்க சார் கத்துக்கிட்டீங்க?" என்றார். "என் சம்சாரத்துக்கிட்ட" என்றேன். தமாஷ் என்று நினைத்து என் முதுகில் தட்டிச் சிரித்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, அவர் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, மறுபடியும் சொன்னேன்.