தங்கை அழித்துவிட்ட விடை

அடம்பன்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் கபிலனுக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் நாங்கள் சுகம். அந்தக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் கும்பிடுகிறேன், கோபத்திலும் அதை மறக்கவில்லை. ஓம், கோபத்தில்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரியம்மா, சரியம்மா" என்று வைத்துவிடுவாய். மாமா வெள்ளிக்கிழமை லண்டனுக்குத் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன், ஆறுதலாக இருந்து வாசி.

மழைக்கு முன்னமே வயல் வெட்டியாயிற்று. அப்பாவின் முழங்கால் நோ அப்படியேதான், எண்ணெய் பூசச் சொன்னால் என்னோடு சண்டைக்கு வருகிறார். அதெல்லாம் இருக்கட்டும், உன் தங்கை தக்சிகாவின் கதைக்கு வருகிறேன். மன்னாரில் சின்னப் பிள்ளைகளுக்குச் சதுரங்கப் புதிர்ப் போட்டி வைத்தார்கள் அல்லவா, வெள்ளைக் காய்கள் மூன்று நகர்வில் கறுப்பு ராசாவை மடக்க வேண்டும், வீட்டில் யோசித்து விடை எழுதிக்கொண்டு போகலாம். பிள்ளைக்குக் கிணற்றடியிலும் அதே யோசனை, சோற்றுக் கோப்பைக்கு முன்னாலும் அதே யோசனை. கடைசியில் ராணியை வெட்டக் கொடுத்துவிட்டுக் குதிரையால் மடக்கலாம் என்று கண்டுபிடித்துத் துள்ளினாள். எனக்குக் குதிரை எது கழுதை எது என்று தெரியாது, ஆனால் அன்றைக்கு அவள் முகம் இருந்த இருப்பு எனக்குத் தெரியும்.

புதிரையும் தன் விடையையும் ஆசையாக உனக்குப் படம் எடுத்து அனுப்பினாள். கெட்டிக்காரி என்று ஒரு சொல் எழுதினால் உன் கை தேய்ந்துவிடுமா? போனில் ஏதோ கணினி விளையாட்டுக்குள் காய்களை அடுக்கி, "ராணியை ஆரும் சும்மா குடுப்பினமோ விசரி, இதை எழுது" என்று வேறு விடை அனுப்பினாய். அடுக்கும்போது கறுப்பில் ஒரு காலாளை விட்டுவிட்டாயாம், பிள்ளை பிறகுதான் கண்டு சொன்னாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், அவசரக்காரனுக்கு அதுவும் இல்லை. அப்பாவும் தன் பங்குக்கு, "கொண்ணன் கம்பஸில படிச்சுப் பட்டம் எடுத்தவன், அவன் சொன்னதை எழுது" என்றார். இந்த வீட்டில் மூத்தவன் சொன்னால் மறுபேச்சு இல்லையே. பிள்ளை தன் விடையை அழித்துவிட்டு உன்னுடையதை எழுதினாள்.

எட்டு நாளைக்கு முன்னம், சனிக்கிழமை, போட்டியை நடத்திய பிரேமினி ரீச்சர் எல்லார் முன்னாலும் சரியான விடையைப் பலகையில் வைத்துக் காட்டினார். ராணியைக் கொடுத்துவிட்டுக் குதிரையால் மடக்குவதுதான். "இதை ஆர் ஆர் எழுதினனீங்கள்?" என்று கேட்டார். கை தூக்கிய பிள்ளைகளின் விடைத்தாளைப் பார்த்து, யாழ்ப்பாணத்தில் நடக்கிற சதுரங்கப் பயிற்சிக்கு அவர்களின் பெயரை எழுதினார். இவள் கையை மடிக்குள் வைத்துக்கொண்டு இருந்தாள். நீயும் கண்டுபிடித்ததை ஏன் சொல்லவில்லை என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "நானும் கண்டுபிடிச்சனான் எண்டா ஆரம்மா நம்புவினம்?" என்று அழுதாள். நானும் அழுதேன்.

போட்டி போனால் போகட்டும், அடுத்த வருடமும் வரும். என் வயிறு எரிவது அதற்கல்ல. ரீச்சர் நேற்றைக்கு இன்னொரு புதிர் கொடுத்துவிட்டார். பிள்ளை அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. என்னிடம் நீட்டி, "அண்ணாட்டை அனுப்புங்கோ அம்மா, நான் யோசிச்சு என்ன, கடைசியில அவர் சொல்லுறதைத்தானே எழுதவேணும்" என்றாள். பத்து வயதுப் பிள்ளையின் வாயில் இப்படி ஒரு பேச்சு வர வைத்துவிட்டாயே, உனக்கு எப்படி மனம் வந்தது?

சொக்கலேட் பார்சல் அனுப்பிச் சமாளிக்கப் பார்க்காதே. அவளோடு கதை. ராணியை ஏன் கொடுத்தாய் என்று கேள், அவள் சொல்லி முடிக்கும் வரைக்கும் வாயைத் திறக்காதே. நேர காலத்துக்குச் சாப்பிடு, காதை மூடித் தொப்பி போடு. உனக்கு ஒரு குறையும் வராமல் பிள்ளையார் காக்கட்டும். புதிய புதிரை நான் உனக்கு அனுப்பவில்லை, அனுப்பவும் மாட்டேன். அது அவளுடையது.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் ஆறாத
அம்மா சுபத்திரா