தம்பியின் எலிகள்

12.8.2024, திங்கள்

தேசப்பனுக்குச் சென்னையில் ஆறு எலி இருக்கிறதாம்.

மீன் ஏலம் விடும் இடத்தில் நின்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தான். ஜூன் மாதம் அவன் குடலிலிருந்து வெட்டி எடுத்த கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்பினார்களாம். அதைக் கண்ணாடித் தட்டுகளில் வளர்க்கிறார்களாம். கொஞ்சத்தை எலிகளின் தோலுக்கடியிலும் வைத்திருக்கிறார்களாம். மருந்தை முதலில் தட்டுக்கும் எலிக்கும் கொடுத்து, எந்த மருந்துக்குக் கட்டி சுருங்குகிறது, எவ்வளவுக்குச் சுருங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் இவனுக்குத் தருவார்களாம்.

"மாத்திரைய எனுக்கு முன்னாடி என் எலி துன்னுதுபா. ராஜாவுக்கு ருசி பாக்க ஆளு வெச்ச மாரி."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

எனக்கும் அதே குடல். அதே கட்டி. அதே ஆஸ்பத்திரி. என்னை அறுத்தது பிப்ரவரியில், அவனுக்கு நாலு மாதம் முன்னால். அவன் தம்பி, நான் அண்ணன். எனக்கு ஒரு எலிகூட இல்லை.

13.8.2024

ஆறு! அவன் சம்சாரம் செவ்வந்தி அதுகளுக்குப் பேர் வைக்காத குறைதான். அவனுக்கு ஈரலிலும் சின்னதாக ஒரு புள்ளி இருக்கிறதாம். இருக்கட்டும். எலியும்தான் இருக்கிறதே.

18.8.2024, ஞாயிறு

இன்று எங்கள் பாடு. அறுத்த பிறகு நான் படகேறுவதில்லை. மருமகன் ரஞ்சித் போனான்.

முகத்துவாரத்தில் இறால் ஓடும் இடம் கொஞ்சம்தான். அதனால் ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு இன்ன தலைக்கட்டுக்குப் பாடு என்று வரிசை போட்டுவிடும். போட்ட பிறகு பெரியவன் சின்னவன் கிடையாது. முன்னால் சீட்டு வந்தவன் முன்னால் வலை போடுவான். பின்னால் வந்தவன் கரையில் நின்று வேடிக்கை பார்க்கவேண்டியதுதான். என் அப்பன் காலத்திலிருந்து இதில் ஒரு தப்பு நடந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் மட்டும் என்ன வந்தது? அங்கே நான்தானே முதல் சீட்டு? என் பாட்டில் தம்பி வலை போட்டிருக்கிறான்.

இதை வீட்டில் சொன்னேன். இருசம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். "நோவுலயும் பாடு கேக்குற ஒரே மன்ஷன் நீதான்யா." நாற்பது வருஷமாக என்னோடு குடித்தனம் பண்ணுகிறவளுக்கே நியாயம் தெரியவில்லை.

27.8.2024, செவ்வாய்

மகள் நிவேதாவோடு சென்னை போய் வந்தேன். பஸ் திருப்பாலைவனம் தாண்டும்வரை கேட்கவேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். டாக்டர் கிறிஸ்டினாவிடம் ஒன்று விடாமல் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அதுவே எனக்குக் கோபம்.

"ஐயா, உங்க கட்டியை அப்பவே மருந்துத் தண்ணியில போட்டு மெழுகுல பதிச்சுட்டாங்க. எல்லாருக்கும் அப்படித்தான் செய்வாங்க. அதுல உயிர் இல்ல. உயிரோட இருக்குற துண்டுதான் வளரும். இந்த ஆராய்ச்சியே மே மாசம்தான் ஆரம்பிச்சோம்."

"அப்ப இப்போ ஒரு துண்டு எட்துக்கோம்மா. எனுக்கு பயமில்ல."

"எடுக்க உங்க உடம்புல கட்டி எதுவும் தெரியலையே. திரும்ப வராம இருக்கத்தான் உங்களுக்கு மாத்திரை. அதுக்குச் சந்தோஷப்படுங்க."

சந்தோஷமாம்.

செத்த மீனை ஏரியில் விட்டால் நீந்தாது. அது எனக்குப் புரியாமலில்லை. பள்ளிக்கூடம் போகாமலே எழுத்துக் கூட்டி, பேப்பர் படித்து, இன்று எழுதவும் செய்கிறவன் நான். புரிவது வேறு, ஒப்புக்கொள்வது வேறு.

3.9.2024, செவ்வாய்

தேசப்பனுக்கு முடிவு வந்துவிட்டது. நாங்கள் இருவரும் சாப்பிடுவது ஒரே மாத்திரைதான். காலையில் மூணு, ராத்திரி மூணு. அந்த அளவுக்கு அவன் கட்டி தட்டிலும் அசையவில்லையாம், எலியிலும் அசையவில்லையாம். கூடுதலாகக் கொடுத்தபோதுதான் சுருங்கியதாம். அவன் ரத்தத்தைப் பரிசோதித்து, தாங்குவான் என்று தெரிந்துகொண்டு, நாலு நாலாக ஆக்கிவிட்டார்கள்.

அவனுக்கு நாலு. எனக்கு மூணு. யாரும் எதிலும் சோதித்துப் பார்க்காத மூணு. கடையில் எல்லாருக்கும் நிறுத்துப் போடுகிற மூணு.

ஒரே அம்மா பால்தானே குடித்தோம்? அவனுக்குச் சரியாக வருவது எனக்கு மட்டும் எப்படிச் சரியில்லாமல் போகும்? கூடப் பிறந்தவர்கள் பாட்டை மாற்றிக்கொள்வது ஊரில் உண்டு. அண்ணன் சீட்டில் தம்பி போவான், தம்பி சீட்டில் அண்ணன் போவான். ஒரு வீடு, ஒரு ரத்தம் என்று ஊரும் கேட்காது.

4.9.2024

நாலு போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

13.9.2024, வெள்ளி

உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் சிவந்து எரிகிறது. மருந்து பிடிக்கிறது என்று அர்த்தம்.

வாசலோடு போன தேசப்பன் நின்று பார்த்தான். "இன்னாண்ணே, கை அவிச்ச இறால் மாரி கீது?"

"உன் வேலையப் பார்ரா."

அவன் கை நன்றாகத்தான் இருக்கிறது. நாலு போட்டும் நன்றாக இருக்கிறது.

18.9.2024

வாயெல்லாம் புண். கஞ்சிகூட இறங்கவில்லை. வயிறு நிற்கவில்லை. பாதத்தில் தோல் உரிகிறது, நடக்க முடியவில்லை. இருசம்மாள் மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறாள். பார்க்கட்டும். விடமாட்டேன்.

26.9.2024, வியாழன்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். விரல் மடங்கவில்லை.

நாலு நாள் முன்னால் வாசலில் விழுந்துவிட்டேனாம். தூக்கிவந்து வண்டியில் போட்டவன் தேசப்பன். வேறு ஆளா கிடைக்கவில்லை?

டாக்டர் இந்தத் தடவை கோபப்பட்டார். "யார் உங்களை நாலு போடச் சொன்னது?"

"எலி" என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். "அந்த எலிக்குள்ள இருந்தது உங்க தம்பியோட கட்டி ஐயா. உங்களோடது இல்ல. அந்தக் கட்டிக்கு எவ்வளவு வேணும்னு பார்த்தோம். அவர் உடம்பு எவ்வளவு தாங்கும்னும் தனியா பார்த்தோம். கூடப் பொறந்தவங்களா இருந்தாலும் ரெண்டு பேர் உடம்புலயும் மருந்து ஒரே மாதிரி கரையாது. இப்ப உங்களுக்கும் பார்த்தாச்சு. ரொம்ப மெதுவா கரையுது. உங்களுக்கு மூணே அதிகம்."

மூணே அதிகமாம்! அவனுக்கு நாலு தாங்குகிறது.

அவர் போன பிறகு தேசப்பன் ஸ்டூலை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தான். "ஏன்ணே, என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா என் எலில ரெண்ட உன்கு உட்டுக் குட்த்திருப்பன்ல?"

சிரிக்கவைக்கப் பார்த்தான். அவன் கண் சிவந்திருந்தது. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

28.9.2024

ஸ்கேன் எடுத்தார்கள். என் ஈரலில் ஒரு புள்ளி. முன்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்திருக்கும் என்கிறார்கள்.

நிவேதா வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "நைனா, ஒண்ணுதானாம். ஒடம்பு தேறினதும் அறுத்து எட்த்துடலாமாம்." கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். "இந்த வாட்டி அத உயிரோட ஆராய்ச்சிக்கு அனுப்புவாங்களாம். உனுக்கு சம்மதமானு கேக்குறாங்க."

சம்மதம் என்றேன். கையெழுத்துப் போடப் பேனா கேட்டேன்.

19.11.2024, செவ்வாய்

போன மாதம் ஈரலை அறுத்தார்கள். துண்டு பிழைத்துக்கொண்டதாம். தட்டில் வளர்கிறது. எலிகளிலும் ஒட்டிக்கொண்டது. நாலு.

"தம்பிக்கு ஆறு வச்சீங்களே?" என்றேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "இது போட்டி இல்ல ஐயா."

அவருக்கு என்ன தெரியும்.

21.1.2025, செவ்வாய்

என்னுடைய முடிவு வந்தது. தேசப்பனுக்குக் கேட்கிற அந்த மாத்திரைக்கு என் கட்டி தட்டிலும் மசியவில்லை, எலியிலும் மசியவில்லையாம். அதை இருபது போட்டிருந்தாலும் செத்திருப்பேனே தவிர, கட்டி செத்திருக்காது. எனக்கு வேறு மருந்து. ஊசி வழியாக, கொஞ்சமாக ஆரம்பித்து, ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து ஏற்றுவார்கள்.

தேசப்பனின் புள்ளி பாதியாகச் சுருங்கியிருக்கிறதாம். நல்லது. எழுதிவிட்டேன், நல்லது என்று.

முதல் ஊசிக்காக வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் எளாவூர்க்காரர் ஒருவர். என் வயது இருக்கும். நானும் நிவேதாவும் பேசியதை ஒட்டுக்கேட்டிருக்கிறார். நெருங்கி உட்கார்ந்தார்.

"உன்கு மட்டும் எப்டி அண்ணாத்த குட்த்தாங்க? நானு ஒரு வருசம் முந்தியே அறுத்துக்கினேன். என்னுத மெழுகுல வெச்சிட்டாங்களாம். சிபாரிசு எதுனா புட்ச்சியா?"

அவர் கண் என் முகத்தில் இல்லை. என் மடியிலிருந்த ஃபைல்மேல் இருந்தது.

"இப்ப உன் ஒடம்புல கட்டி கீதா?" என்று கேட்டேன்.

"இல்லியாம். சும்மா மாத்திரதான் துன்னுகினு கீறேன்."

"அப்ப எழுந்து ஊட்டுக்குப் போ."

அவர் முகம் சுருங்கிவிட்டது. தனக்குக் கிடைத்ததை இன்னொருத்தனுக்கு வழிகாட்டாத வயிற்றெரிச்சல் பிடித்த கிழவன் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். விளக்கிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். நிவேதா கையைப் பிடித்தாள். எழுந்து போனேன்.