காந்தத்துக்கு வைத்த பொட்டு

கழக்கூட்டம்,
புதன்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு, உலகம்மாள் எழுதிக்கொள்வது.

நானும் பிள்ளையும் சுகம். மஸ்கட்டில் வெயில் தணிந்ததா? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? மகள் இப்போது மலையாளத்தில்தான் சண்டை போடுகிறாள். நான் திட்டினால் 'போ அம்மே' என்கிறாள். உங்கள் வாய் அப்படியே வந்திருக்கிறது.

ஃபோன் இருக்கும்போது இவள் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். ஃபோனில் இந்தப் பேச்சை எடுத்தாலே சிரித்து மழுப்பிவிடுகிறீர்கள். அதனால்தான் நாளை அங்கே விமானம் ஏறுகிற லிங்கராஜ் அண்ணனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

வரும் திங்கட்கிழமை முதல் கம்பெனியில் என்னை பேக்கிங்கிலிருந்து எடுத்து, நீங்கள் ஓட்டிய பசை மிக்சரில் போடுகிறார்கள். அதை ஓட்டிக்கொண்டிருந்த ஷிபா வேலைக்கு வருவதில்லை. காய்ச்சல் என்றார் சூப்பர்வைசர் கிரீஷ். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். வலது கை தோள்வரை கட்டு. தொட்டி ஓரத்தில் ஒட்டிய பசையை வழிக்கும்போது சட்டைக் கை பிளேடில் சிக்கிவிட்டதாம். யாரோ ஓடிப்போய் மெயினை அணைத்ததால் கை மிஞ்சியது. நேற்று நான் அடைத்த டப்பாவில் பசையோடு நீல நூல் வந்தது. அவள் சட்டை நீலம்.

மூடியைத் திறந்தால் அந்த மிக்சர் தானாக நிற்க வேண்டும். நின்று நின்று ஓடினால் பசை இறுகிப்போகிறது என்று நீங்கள்தான் மூடி சுவிட்சில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஒட்டினீர்கள். மூடி திறந்து கிடந்தாலும் மூடியிருப்பதாக நினைத்து அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. உங்களுக்குக் கை பழக்கம் இருந்தது. எங்களுக்கு என்ன இருக்கிறது?

ஆயுத பூஜையன்று மிக்சருக்கு மாலை போட்டுவிட்டு, கிரீஷ் சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். உங்க ஆளு வெச்சதுதானே, சேச்சியே பொட்டு வெச்சோ என்றார். காந்தத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பெருமையாகத்தான் இருந்தது. அந்த வாரமே ஷிபாவின் கை அதில் சிக்கியது.

அதை எடுத்துவிடுங்கள் என்று கிரீஷிடம் கேட்டேன். தங்கபாண்டி அண்ணன் சொன்னால் எடுக்கலாம், சேச்சி தொட வேண்டா என்று உங்கள் பெயரைச் சொன்னார். நேற்று யாரும் பார்க்காதபோது நானே எடுத்தேன். மூடியைத் திறந்ததும் மிக்சர் நின்றது. கிரீஷ் ஓடி வந்து சத்தம் போட்டார். பொட்டு அழியாமல் பார்த்துத் திரும்பவும் ஒட்டினார். தங்கபாண்டி பெண்டாட்டிக்கே பயமா என்று எல்லோரும் சிரித்தார்கள். மிக்சர் வேண்டாம் என்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்வார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவேன்?

எனக்குப் பயமாக இருக்கிறது, அத்தான். தொட்டிக்குள் குனிந்து பார்த்தேன். தாலிச் செயின் வெளியே விழுந்து பிளேடுக்கு மேலே ஆடியது. கழற்றி வைத்துவிட்டுப் போ என்கிறாள் என்னோடு பேக்கிங்கில் இருக்கும் சரசம்மா அக்கா. மனசு வரவில்லை. ஊக்கு போட்டு ரவிக்கையோடு குத்தியிருக்கிறேன். ஊக்கு எவ்வளவு தாங்கும் என்று தெரியவில்லை.

நீங்கள் சொன்னால் கிரீஷ் கேட்பார். உங்களைத் தவிர வேறு யார் சொன்னாலும் கேட்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவரைக் கூப்பிட்டுக் காந்தத்தை எடுக்கச் சொல்லுங்கள். எனக்கு வளையல் வாங்கியிருப்பதாகச் சொன்னீர்கள். அது இப்போது அவசரமில்லை.

உங்களை இசக்கியம்மன் பார்த்துக்கொள்வாள். என்னை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
உலகம்மாள்