பழி கல்மலை மேல்

8 அக்டோபர் 1979, திங்கள்

வெயில். கல்மலையில் காலையிலேயே வெடி. அலமாரி மேல் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு வெள்ளைத் தூசு. ஈப்போவுக்கு இது புதிதில்லை.

தீபாவளி வேலை: நாற்காலிகளுக்கு வார்னிஷ். தரைக்கு மெழுகு பாலிஷ். அலமாரிக்குப் பாச்சை உருண்டை. முன்னறையை என்ன செய்ய? அங்கே மகாராணி. அவள் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும் என் கணவர் தன் தங்கை பாக்கியத்தைக் கூட்டிவந்து அங்கே வைத்தார். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார். போன பொங்கலுக்கு வந்தவள். நான் சோபா போட நினைத்த இடத்தில் அவள் பாய்.

10, புதன்

வார்னிஷ் முதல் பூச்சு. நல்ல பளபளப்பு. பா. இருமல். சின்ன வயதிலிருந்தே இழுப்பாம். இழுப்பு மூச்சுக்குத்தான், சோற்றுக்கு இல்லை.

பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்கா வேலியோரம் புலம்பல். வீட்டுக்கு வீடு வார்னிஷ், பெயின்ட், தெருவே தலைவலிக்கிறதாம். கிறிஸ்மஸுக்கு அக்கா பெயின்ட் அடித்தபோது நான் வாய் திறந்தேனா? கல்மலையைக் கையால் காட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

11, வியாழன்

இன்று ஒன்று கவனித்தேன். மலையில் வெடி மேல் வெடி, தூசு பறந்தது. பா. வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். ஒரு தும்மல்கூட இல்லை. சாயங்காலம் கொசு மருந்து அடித்தேன். உடனே முன்னறையில் பா. மூச்சில் விசில். அவர் ஓடி வந்து, தூசு தூசு என்று ஜன்னலையெல்லாம் அடைத்தார். மருந்து உள்ளேயே நின்றது. இந்த மனுஷருக்கு மூளை எங்கே போயிற்று.

எனக்குத் தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லப்போவதில்லை.

13, சனி

முன்னறைக் கதவுக்கும் வார்னிஷ். பாய்க்கு அடியில் பாச்சை உருண்டை. சாயங்காலம் கொசு மருந்து, மூலை மூலையாக.

பா. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு கறுத்துவிட்டது.

"அண்ணி, கொஞ்சம் ஜன்னலத் தொறந்து விடுங்க."

"தூசு வரும்லா. ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

சுடுதண்ணீர் கொடுத்தேன். பாவமாக இருந்ததா? கொஞ்சம். சோபாவை நினைத்ததும் அதுவும் போய்விட்டது.

14, ஞாயிறு

கிளினிக். பா.வுக்கு ஊசி. வீட்டில் வாடையான சாமான் ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்டார். கூட வந்த என் கணவர் வாய் திறக்கும் முன் நான் முந்திக்கொண்டேன்: கல்மலை. அப்படியென்றால் கொஞ்ச நாள் காற்று நல்ல இடத்தில் இருக்கட்டும் என்றார் டாக்டர். சந்தோஷம்தான். பொய் எதற்கு.

வீட்டுக்கு வந்ததும் இரும்பு சூட்டோடு இருக்கும்போதே அடித்தேன்.

"இந்த ஊர்க் காத்து இவளுக்கு ஆகாதுங்க. ஹுத்தான் மெலிந்தாங்ல ஒங்க சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிடலாம். கடல் காத்து."

பா. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"பெத்தவகூட என்னை இப்படிப் பாக்கல அண்ணி."

தலையாட்டினேன்.

15, திங்கள்

முன்னறை அளவு எடுத்தேன். பச்சை சோபாவா, காப்பி நிறமா? பச்சை.

17, புதன்

மழை. அவர் சிரித்துக்கொண்டே வந்தார். லாரி முதலாளி தவுக்கேயிடம் பேசிவிட்டாராம், ஹுத்தான் மெலிந்தாங் மீன் லாரியை இனி அவர்தான் ஓட்டுவாராம்.

"நீ சொன்னதுதான் சரி. காத்து கெட்ட ஊர்ல நாம மட்டும் எதுக்கு? தீபாவளி முடிஞ்சதும் எல்லாரும் போலாம்."

வாடகை வீட்டுச் சொந்தக்காரரிடமும் சொல்லிவிட்டார். அங்கே சித்தப்பா ஓர் அறை ஒழித்துத் தருகிறாராம். எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே அறை.

நுணலும் தன் வாயால் கெடும். மலையும் இல்லை, தூசும் இல்லை, என் கையிலிருந்த டின்தான் என்று நாக்கு நுனி வரை வந்தது. எப்படிச் சொல்வேன்? ஆத்திரத்தில் அழுதே விட்டேன். வீட்டை விட்டுப் போகும் கவலை என்று நினைத்து பா. என் முதுகைத் தடவினாள். அந்தக் கையைக் கடித்திருக்கலாம்.

18, வியாழன்

தூறல். பாதிச் சாமான் கட்டியாயிற்று. பா. இப்போதே தெளிவாக இருக்கிறாள். ஊருக்குப் போகிற குஷியில் பாட்டு வேறு.

கடைக்குப் போனேன். முறுக்கு மாவு. எண்ணெய். கொசு மருந்து மூன்று டின். கடலோரத்தில் கொசு அதிகமாம், ரோ. அக்கா சொன்னார்.