ஐந்து கேள்விகள் கொண்ட நோட்டீஸ்

8 செப்டம்பர் 1995, வெள்ளி

கொல்லயில் ரோட்டில் இன்றும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டுதான் நடந்தேன். இந்த ரோட்டுக் குழிகளையெல்லாம் வைத்து ஒரு பக்கம் எழுதி தேவகுமார் அண்ணனிடம் கொடுத்தேன். பஞ்சாயத்துத் தேர்தலுக்கு அவர் கட்சியின் நோட்டீஸ். எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கியது. எதிர்த்து நிற்பது ரத்னபாய் அக்கா. எங்களுக்கு நாலு வீடு தள்ளி, மகள் அஞ்சுவோடு இருக்கிறார். புருஷன் இல்லை, தையல் வேலை.

அண்ணன் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தார். “எலே எலியா, இது உனக்க டுட்டோரியல்ல பிள்ளைகளுக்குப் படிப்பிக்கக் கொள்ளாம். ஆனா ஓட்டு விழாது.”

எல்லாம் உண்மை. அதுதான் குறை போல.

10 ஞாயிறு

ரத்னபாய் அக்காவைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று அண்ணன் கேட்டார். வாயை மூடியிருக்கலாம். வியாழன்தோறும் பத்து மணி பஸ்ஸில் தமிழ்நாட்டு எல்லை கடந்து, களியக்காவிளையில் இறங்கி, லாட்ஜ் இருக்கும் சந்துக்குள் போவார். அவ்வளவுதான் பார்த்திருக்கிறேன். சொன்னேன்.

“எழுது.”

“என்னத்துக்குப் போறாவன்னு தெரியாதே அண்ணே.”

“தெரியாட்டி கேளு மக்கா. கேள்வி கேட்டவன்மேல கேஸ் உண்டா?”

ஐந்து கேள்விகள். முதலாவது: வியாழன்தோறும் களியக்காவிளையில் இறங்குவது யாரைப் பார்க்க? கடைசிக் கேள்வி ரோடு பற்றி. அதைச் சேர்த்ததால் நான் யோக்கியனா? வாக்கியங்கள் நன்றாக வந்திருந்தன. அது வேறு எரிச்சல்.

13 புதன்

நோட்டீஸ் மார்த்தாண்டத்தில் அச்சடித்து வந்துவிட்டது. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். அச்சகத்தின் பெயர் எங்கேயும் இல்லை.

14 வியாழன்

விடியுமுன் ஒட்டிவிட்டார்கள். பால் சொசைட்டியில் ஒருவன் உரக்கப் படித்தான். யாரும் திட்டவில்லை. சிரித்தார்கள்.

பத்து மணிக்கு அக்கா குடையோடு ஸ்டாப்பில் நின்றார். அண்ணனின் கட்சிப் பையன் பிஜுவும் இன்னும் மூன்று பேரும் பக்கத்தில் போய் நின்றார்கள். “அக்கா, எங்களுக்கும் சேத்து டிக்கெட் எடுங்க. நாங்களும் வாறோம்.”

பஸ் வந்தது. அக்கா ஏறவில்லை. திரும்பி நடந்தார்.

எதிர் டீக்கடையில்தான் நான் இருந்தேன். டீயைக் குடித்து முடித்தேன்.

18 திங்கள்

காலையில் அலறல் கேட்டு ஓடினேன். அஞ்சு கிணற்றடியில் கிடந்தாள். கைகால் வெட்டி வெட்டி இழுக்கிறது, வாயோரம் நுரை, நெற்றி கல்லில் பட்டுப் பிளந்திருக்கிறது. ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டேன். அடங்கியதும் உள்ளே தூக்கிப் போனோம். அக்கா கதவைச் சாத்தினார்.

“ஆராவது கண்டாவளா?” அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

அந்த லாட்ஜ் சந்துக்கு வியாழன் மட்டும் ஒரு டாக்டர் வருகிறார். இங்கே காட்டினால் ஊருக்குத் தெரியும் என்று அக்கா அங்கே போகிறார். டாக்டர் ஒரு வாரத்து மாத்திரைதான் தருவார். அது தீர்ந்து நாலு நாள். அஞ்சுவுக்கு மகரத்தில், தை மாதம், கல்யாணம்.

“நான் மறுப்பு எழுதித் தாறேன் அக்கா. இன்னைக்கே—”

“என்ன எழுதுவ? எனக்க மவளுக்கு வலிப்புத் தீனம்னா? என்னப் பத்தி என்ன வேணும்னாலும் சொல்லட்டு. நீ எழுதினது போதும் மக்கா.”

நான்தான் எழுதினேன் என்று யார் சொன்னது என்று கேட்டேன்.

“அஞ்சுவுக்க காலேஜ் விண்ணப்பம் எழுதித் தந்தது நீயல்லியா. நீ எழுதினா எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?”

பொய் என்றால் மறுக்கலாம். நான் பொய் எழுதவில்லை, கேள்விதான் எழுதினேன். அதற்கு உண்மையான பதில் அஞ்சுவின் வலிப்பு.

21 வியாழன்

நான் போய் மாத்திரை வாங்கி வந்தேன். அக்கா வாசலிலேயே வாங்கிக்கொண்டார். இனி வியாழன்தோறும் நான்தான் போக வேண்டும்.

26 செவ்வாய்

ஒன்பது ஓட்டில் அக்கா தோற்றார். சாயங்காலம் வரை வெடி.

30 சனி

அண்ணன் அடுத்த நோட்டீஸுக்கு வந்துவிட்டார். பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு அவர் கட்சியிலேயே ஒருவர் குறுக்கே நிற்கிறாராம். எழுத வேண்டியது அந்த ஆளின் மனைவியைப் பற்றி. மாட்டேன் என்றேன்.

“எழுதத் தெரிஞ்சவன் நீ மட்டுமாலே? நீ படிப்பிச்ச பிள்ளைகள் உண்டுல்லா.” சிரித்தபடிதான் சொன்னார்.

5 அக்டோபர், வியாழன்

களியக்காவிளை பஸ்ஸில் பின்சீட்டில் பிஜு. நான் இறங்கிய இடத்தில் அவனும் இறங்கினான். அவன் போகும்வரை சந்தையில் சுற்றிவிட்டுத்தான் டாக்டரிடம் போனேன். மாத்திரை கிடைத்தது.

12 வியாழன்

பால் சொசைட்டி சுவரில் புதிய நோட்டீஸ். ஐந்து கேள்விகள். வியாழன்தோறும் எலியா சார் களியக்காவிளையிலிருந்து வாங்கி வருவது என்ன? அதை அஞ்சுவின் வீட்டில் கொடுப்பது எதற்கு? மற்ற மூன்றை இங்கே எழுத மாட்டேன்.

ஒரு பிழை இல்லை. சின்னச் சின்ன வாக்கியங்கள், ஒன்றில் ஒரு விஷயம் மட்டும். வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

பத்து மணிக்கு ஸ்டாப்பில் நின்றேன். பிஜுவும் மூன்று பேரும் வந்தார்கள்.

“சாரே, டிக்கெட் அஞ்சா எடுக்கட்டா?”

போனால் கூடவே வருவார்கள். வலிப்பு நோய் என்று எழுதியிருக்கும் டாக்டரின் போர்டு வரைக்கும்.

பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

அஞ்சுவிடம் இன்று ராத்திரிக்கு ஒரு மாத்திரைதான் உண்டு.